புதுப்பிப்பு: நொதி கேப்சூல் கொடுத்தும் மகளுக்கு எடை ஏறாதது - காரணம் கிடைத்தது

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (கெட்டியான சளி நுரையீரலையும் கணையத்தையும் அடைக்கும் பரம்பரை நோய்) உள்ள என் மகளுக்கு (11 வயது), சாப்பாடு செரிக்கக் கணைய நொதி கேப்சூல் கொடுத்தும் மலம் எண்ணெயாக மிதக்கிறது, எடை ஏறவில்லை என்று மார்ச்சில் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

டோஸைக் கூட்டச் சொன்னவர்கள்தான் அதிகம். கூட்டவில்லை. ஏற்கெனவே உச்சவரம்பை, அதாவது ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 10,000 லிப்பேஸ் (கொழுப்பைச் செரிக்கும் நொதி) யூனிட்டை, நெருங்கியிருந்தோம். கைகொடுத்தது, "எப்படிக் கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டவரின் யோசனை. விழுங்க மாட்டாளே என்று கேப்சூலைப் பிரித்துச் சூடான பாலில் கலந்துகொண்டிருந்தேன்! கேப்சூலுக்குள் இருக்கும் நொதி மணிகளை அமிலத்திலிருந்து காக்கும் மேலுறை பாலிலேயே கரைந்துவிடும். பிறகு நொதி வயிற்று அமிலத்தில் வீணாகும். இப்போது ஆறிய ஆப்பிள் மசியலில், மெல்லாமல், பாதி சாப்பாட்டின் தொடக்கத்தில், மீதி நடுவில். பத்து நாளில் மலம் சரியானது. மூன்று மாதத்தில் 2 கிலோ ஏறியிருக்கிறாள்.

எதிர்பாராதது: வருடாந்திர குளுக்கோஸ் டாலரன்ஸ் சோதனையில் (குளுக்கோஸ் குடிக்கவைத்து ரத்தச் சர்க்கரையைப் பார்ப்பது; இந்த நோய் உள்ளவர்களுக்கு 10 வயதிலிருந்து செய்வார்கள்) 2 மணி நேர அளவு 214, அதாவது சர்க்கரை நோய் அளவு. வெறும் வயிற்றில் 92தான், எச்பிஏ1சியும் (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) நார்மல். மறுபடி எடுத்தும் அதே கதை. இன்சுலின் தொடங்கியாச்சு. சோற்றைக் குறை என்கிறார் மாமியார். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸால் வரும் இந்த வகைச் சர்க்கரையில் சாப்பாட்டைக் குறைக்கவே கூடாது என்கிறார் டாக்டர். நெய்யும் தொடர்கிறது.