டீசல் ஃபில்டர் மாத்தினதும் வண்டி பிடிச்சுப் பிடிச்சு ஆஃப் ஆகுது. ஏர் எங்கிருந்து வருது?

சங்ககிரி 10 வீல்:
6 சிலிண்டர், காமன் ரயில் (எல்லா நாசிலுக்கும் பொதுவா ஒரே பைப்புல ஹை பிரஷர் டீசல் நிக்கிற டைப்) வண்டி. பிரைமரி, செகண்டரி ரெண்டு ஃபில்டரும் மாத்தியாச்சு. ஹேண்ட் பம்ப் அடிச்சு செல்ஃப் போட்டா பிடிக்குது. ஒரு நிமிஷம் ஐடிலிங்ல ஓடி, திணறி நின்னுடுது. பம்ப் எவ்வளவு அடிச்சாலும் இறுகல. வெளிய சொட்டு டீசல்கூட ஒழுகல, டேங்க்ல பாதிக்கு மேல இருக்கு. நாசில் பைப் நட்டை லூஸ் பண்ணி ஏர் எடுத்துடலாமா?

நாமக்கல் பம்ப் ரூம்:
அந்த நட்டுல ஸ்பேனரே வைக்காதீங்க. இன்லைன் பம்ப் (ஒவ்வொரு நாசிலுக்கும் பம்ப்ல இருந்து தனித்தனி பைப் போற டைப்) வண்டிக்குத்தான் அந்த வைத்தியம். காமன் ரயில்ல ஓடும்போது பிரஷர் 1000 பாரைத் தாண்டும். ஊசி மாதிரி அடிக்கிற டீசல் தோலைத் துளைச்சு உள்ள போயிட்டா ஆஸ்பத்திரி கேஸ். அதோட, ரயில்ல சுமார் 200 பார் சேர்ந்தாத்தான் ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) நாசிலைத் திறக்கும். நட்டை லூஸ் பண்ணி வச்சா அந்த பிரஷரே ஏறாது. லோ பிரஷர் பக்கத்துல இருக்கிற ஏரை வெளியேத்திட்டா, மிச்சம் இருக்கிறது ரிட்டர்ன் லைன்ல தானா டேங்குக்குப் போயிடும்.

பிஎஸ்-4 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டின்னு பார்த்து காமன் ரயில்னு முடிவு பண்றதும் தப்பு. பிஎஸ்-4லயே இன்லைன் பம்ப் வண்டி இருக்கு. தடியா ஒரு ரயில் பைப், அதுல சென்சார் ஒயர் இருக்கான்னு முதல்ல பாருங்க.

டீசல் லைன்:
ஒழுகலைன்னா லீக் இல்லைன்னு அர்த்தமில்ல. டேங்க்ல இருந்து ஃபீட் பம்ப் (டேங்க் டீசலை இழுத்து முன்னாடி தள்ளுற பம்ப்) வரைக்கும் இழுக்குற பக்கம். அங்க ஓட்டை இருந்தா டீசல் வெளிய வராது, ஏர் உள்ள போகும். பிரைமரி ஃபில்டர் இந்தப் பக்கம்தான் இருக்கு. ஃபீட் பம்புக்கு அடுத்த செகண்டரில லீக்னா கண்டிப்பா நனையும்.

ஃபில்டர் மாத்தின கையோட வந்த பிரச்சனைன்னா பிரைமரியைக் கழட்டிப் பாருங்க. பழைய ரப்பர் ரிங் ஹெட்லயே ஒட்டிக்கிட்டு, அது மேல புது ரிங் உட்கார்ந்திருக்கும். அடிக்கடி நடக்கிறது. கறுப்புல கறுப்பு, கண்ணுக்குத் தெரியாது. விரலை விட்டுச் சுத்தித் தடவணும். அடுத்து தண்ணி இறக்குற டிரெயின் காக். கீழ் கப்பைப் புது ஃபில்டருக்கு மாத்தும்போது அதோட ஓ-ரிங் முறுக்கிக்கும். பாஞ்சோ போல்ட்டை (டீசல் பைப்பை மாட்டுற, உள்ள ஓட்டை உள்ள போல்ட்) கழட்டியிருந்தா காப்பர் வாஷர் புதுசு போடுங்க.

எதுலயும் பிடிபடலைன்னா ஃபீட் பம்ப் இன்லெட்ல ஒரு அடி ட்ரான்ஸ்பரன்ட் டியூப் போட்டு ஓட விடுங்க. ஆரம்பத்துல நாலு குமிழி வரும், பரவாயில்ல. விடாம வந்தா இழுக்குற லைன்ல ஏர் வாங்குது. அப்புறம் சுத்தமான கேன்ல டீசல் ஊத்தி, டேங்க் லைனைக் கழட்டிட்டு ஃபில்டர் இன்லெட்டுக்கு நேரா கொடுங்க. நல்லா ஓடினா டேங்க்ல இருந்து வர்ற ஹோஸ், கிளிப்பு, டேங்க் உள்ள இருக்கிற பிக்கப் பைப்புல கோளாறு. அப்பவும் குமிழின்னா ஃபில்டர் ஹெட்தான். குமிழியே இல்லாம பம்ப் இறுகலைன்னா, ஹேண்ட் பம்ப் வால்வு போயிருக்கும்.

சங்ககிரி 10 வீல்:
பழைய ரிங் ஹெட்லயேதான் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு! கண்ணால பார்த்தப்போ தெரியல, நகத்துல மாட்டிச்சு. இனி ஏர் எடுக்கிற வரிசை சொல்லுங்க. செகண்டரில டீசல் ஊத்தி மாட்டலாமா?

நாமக்கல் பம்ப் ரூம்:
செகண்டரில ஊத்தாதீங்க. நடு ஓட்டை வழியா ஊத்துறது வடிகட்டாம நேரா ஹை பிரஷர் பம்புக்குப் போகும். காலியாவே மாட்டி, ஹேண்ட் பம்ப்லயே நிரப்புங்க. ரிங்ல சுத்தமான டீசல் தடவி, ரிங் தொட்டதுக்கப்புறம் முக்கால் சுத்து, கையாலயே (ஃபில்டர் மேல வேற அளவு போட்டிருந்தா அதுதான் கணக்கு).

செகண்டரி ஹெட்ல இருக்கிற ப்ளீட் ஸ்க்ரூவை (ஏர் வெளியேத்துற ஸ்க்ரூ) ரெண்டு சுத்து லூஸ் பண்ணி, கீழ துணி வச்சு ஹேண்ட் பம்ப் அடிங்க. முதல்ல நுரை, அப்புறம் தெளிவா டீசல். ஹேண்ட் பம்ப் பிளஞ்சரை (அமுக்குற தண்டு) அமுக்கிப் பிடிச்ச நிலையிலயே ஸ்க்ரூவை டைட் பண்ணணும். விட்டுட்டு டைட் பண்ணினா திரும்ப ஏர் இழுத்துக்கும். பம்ப் கல்லு மாதிரி இறுகுற வரை அடிங்க. திருகிப் பூட்டுற டைப்னா முடிஞ்சதும் பூட்டிடுங்க.

செல்ஃப் ஒரு தடவைக்கு 15 செகண்டுக்கு மேல வேண்டாம், நடுவுல ரெண்டு நிமிஷம் ஆற விடுங்க. மூணு தடவைல பிடிக்கலைன்னா மறுபடி ஹேண்ட் பம்புக்கு வாங்க. ஹை பிரஷர் பம்புக்கு டீசல்தான் ஆயில், காய்ஞ்சு சுத்தினா தேய்ஞ்சிடும். பிடிச்சதும் ரேஸ் பண்ணாம 5 நிமிஷம் ஐடிலிங்ல விடுங்க.

டீசல் லைன்:
ஒரு ராத்திரி நிறுத்திட்டு, காலைல பம்ப் தொடாம செல்ஃப் அடிங்க. உடனே பிடிச்சா வேலை முடிஞ்சது. இழுத்துப் பிடிச்சா இன்னும் எங்கேயோ ஏர் வாங்குது, கேன் டெஸ்ட் பண்ணிடுங்க.