பிளஃப்: செங்குத்துக்கரையா, ஓங்குகரையா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலில், ஆற்றோரம் உயர்ந்து நிற்கிற மேட்டைக் குறிக்கும் 'பிளஃப்' (bluff) என்ற ஆங்கிலச் சொல்லுக்குச் 'செங்குத்துக்கரை' என்று போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாம் என்று நேற்று எழுதியிருந்தீர்கள். சரி, நாளைக்கு 'கட் பேங்க்' (cut bank) வந்தால் என்ன செய்வோம்? அதுவும் செங்குத்தான கரைதானே.

கட் பேங்க் என்பது ஆறு வளைகிற இடத்தில், வெளிப்பக்கம், தண்ணீர் அறுத்துக்கொண்டே இருக்கிற கரை. கோபி, சத்தியமங்கலம் பக்கம் பவானிக் கரையில் தோட்டம் வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். வெள்ளம் போகும்போது அடிமண் கரையும்; மேலே தென்னை அசையாமல் நிற்கும். தண்ணீர் வடிந்த பிறகுதான், ஊறிக் கனத்த மண் பிடிமானம் இல்லாமல் பாளம் பாளமாகச் சரியும். அறுபட்ட முகத்தில் வேர் தொங்கும், மீன்கொத்தி வளை தோண்டும். இதற்கு 'இடிகரை' என்ற சொல் கையிலேயே இருக்கிறது. கோயம்புத்தூருக்கு வடக்கே அந்தப் பெயரில் ஊரே உண்டு. (ஊர்ப்பெயர் எப்படி வந்தது என்ற வழக்குக்கு நான் வரவில்லை.)

பிளஃப் வேறு சங்கதி. அதில் உயரமும் அகன்ற முகமும்தான் முக்கியம். 17ஆம் நூற்றாண்டில் அகன்று நிமிர்ந்த கப்பல் அணியத்துக்கு (முன்முகப்புக்கு) சொன்ன சொல், அமெரிக்கா போய் ஆற்றோர மேட்டுக்கு ஒட்டிக்கொண்டது. சீட்டாட்ட பிளஃப்பை இங்கே இழுக்க வேண்டாம். அமெரிக்காவின் விக்ஸ்பர்க் அப்படிப்பட்ட மேட்டில் இருக்கிற ஊர். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863இல் ஊர் விழும்வரை மேலிருந்த பீரங்கிகள் மிசிசிப்பி ஆற்று வழியை மறித்து நின்றன. 1876இல் ஆறு தடம் மாறி ஊரை விட்டு விலகிவிட்டது. மேடு அங்கேயே நிற்கிறது, அதை இன்றும் பிளஃப் என்றுதான் சொல்கிறார்கள்.

அதற்காக, ஆறு விலகிய மேட்டின் பெயரில் 'கரை' என்றே வரக்கூடாது என்ற வாதத்தை ஏற்க முடியவில்லை. நொய்யலில் தண்ணீர் இல்லாத மாதங்களிலும் கரை கரைதான். மாற்றாகச் சொல்லக்கூடிய 'கரைக்கோடு', கோடு என்றால் மலை என்று தெரிந்த திருச்செங்கோட்டுக்காரர்களுக்கு இனிக்கலாம். பள்ளிப் பிள்ளைகள் நிலப்படத்தில் வரைகிற கோடு என்றுதான் படிப்பார்கள். 'மேட்டுக்கரை' பேச்சுக்கு நல்லது, ஆனால் ஏரிக்கரையையும் அப்படிச் சொல்லிவிடலாம்.

என் ஓட்டு 'ஓங்குகரை'. ஓங்கு என்றால் உயரமும் வருகிறது, நிமிர்வும் வருகிறது. 'விக்ஸ்பர்க் ஓங்குகரைமேல் அமைந்த நகரம்' என்று எழுதினால் உறுத்தவில்லை. கடலோர பிளஃப்புக்கும் இது ஒத்துவருமா என்பதை நெய்தல் நிலத்து நண்பர்கள் சொல்லட்டும். நான் கடலில்லாச் சீமைக்காரன்.