வீங்கின முட்டியோட ஞாயித்துக்கிழமை மேட்ச்: வழி சொல்லுங்க

வணக்கம். கும்பகோணம் பக்கத்துப் பையன், 17 வயசு, பேஸ்கட்பால் ஆடுறவன். செவ்வாய்க்கிழமை ரீபவுண்ட் (வளையத்துல பட்டுத் திரும்புற பந்து) எடுத்து இறங்குறப்ப பாதம் ஊன்றி நிக்க, முட்டி மட்டும் உள்பக்கமாத் திரும்பிடுச்சு. ‘டப்’புன்னு சத்தம். ரெண்டு மணி நேரத்துல முட்டிச் சில்லே தெரியாத அளவு வீக்கம். எக்ஸ்ரேல எலும்பு சரியா இருக்கு, கட்டுப் போட்டு ஆடட்டும்கிறாங்க வீட்டுல.

ஆடவே கூடாதுங்க. எக்ஸ்ரேல ஜவ்வு தெரியாது. இவ்வளவு வேகமா வீங்கினா உள்ள ரத்தம் கோத்திருக்கும். ஏசிஎல், அதாவது முட்டிக்குள்ள எலும்புகளைப் பிடிச்சிருக்கிற முக்கியமான ஜவ்வு, கிழிஞ்சிருக்க வாய்ப்பு அதிகம். படி இறங்குறப்ப கால் நழுவுதுன்னு அவனே சொல்றான். இதோட ஓடித் திரும்பினா முட்டி மறுபடி விலகி மெனிஸ்கஸும் (எலும்புகளுக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்கிற குருத்தெலும்பு) கிழியலாம். முட்டியில மாட்டுற நீ-கேப் உறை இந்தத் திருகலைத் தடுக்காது. வலி ஊசி போட்டு ஆட இறக்குறது அதைவிட மோசம், எச்சரிக்கிற வலியே தெரியாமப் போயிடும்.

இப்போதைக்குத் துணி சுத்தின ஐஸ் 15 நிமிஷம், கிரேப் பேண்டேஜ், தலையணை மேல கால். எண்ணெய் போட்டு நீவ வேண்டாம்னு சொல்லியாச்சு.

தஞ்சாவூர், திருச்சியில முட்டியைக் கையாலேயே சோதிச்சுப் பார்க்கிற, விளையாட்டுக் காயம் தெரிஞ்ச எலும்பு டாக்டர் யாரு? எம்ஆர்ஐக்கு எவ்வளவு ஆகும்? முதலமைச்சர் காப்பீட்டுல ஏசிஎல் ஆபரேஷன் செஞ்சவங்க இருக்கீங்களா? 5 அடி 10 அங்குல உயரத்துக்கு ஊன்றுகோல் ஒரு ஜோடி இரவல் வேணும். ஞாயிறுக்குள்ள அவங்க அப்பாகிட்ட ஒருத்தர் பேசினாலும் போதும்.