ஹீட் பம்பை நண்பகலில் மட்டும் இயக்கினால் போதுமா?

கேள்வி (கன்னியாகுமரி): சூரிய உதயம் காண வருவோர் விடியுமுன்னரே வெந்நீர் கேட்கும் எங்கள் விடுதியில், காற்றின் வெப்பத்தை எடுத்து நீரைச் சூடாக்கும் கருவியான ஹீட் பம்பை, கூரைச் சோலார் மின்சாரத்தைக் கொண்டு நண்பகலில் மட்டும் இயக்கும் தானியங்கிக் கட்டுப்பாடு போதுமா?

பதில் (நாகர்கோவில்): தொட்டியில் வெப்பக்காப்பு நன்றாக இருந்தால் போதும். 1,000 லிட்டர் நீரை 30 டிகிரி சூடேற்ற ஏறத்தாழ 35 யூனிட் வெப்பம் வேண்டும். பெரும்பகுதியைக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும் ஹீட் பம்புக்கு, செயல்திறன் எண் 3 (ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் வெப்பம்) எனக் கொண்டால், 12 யூனிட் மின்சாரமே செலவாகும். நண்பகல் காற்றின் சூட்டில் அத்திறன் சற்றுக் கூடவும் செய்யும்.

பதில் (ஆரல்வாய்மொழி): ஆனி, ஆடிச் சாரலில் கடிகாரத்தை மட்டும் நம்ப வேண்டாம். சோலார் உற்பத்தியையும் தொட்டியின் வெப்பநிலையையும் அளந்து முடிவெடுக்கும் கட்டுப்பாடே தேவை.

கேட்டவர்: கடலோர உப்புக்காற்றில் ஹீட் பம்பு துருப்பிடிக்காதா?

பதில் (நாகர்கோவில்): காற்றிலிருந்து வெப்பத்தை எடுக்கும் உலோகச் சுருள், அரிப்புத் தடுப்புப் பூச்சுள்ளதாகவே கேட்டு வாங்குங்கள்.