புதுப்பிப்பு: அப்பச்சியின் நெஞ்சு வலியும் ஹோமியோபதி உருண்டையும்

போன மாதம் கேட்டிருந்தேன்: அப்பச்சிக்கு இதய உறையில் அழற்சி, பெரிகார்டைட்டிஸ், காரைக்குடி அம்மான் சொல்வதுபோல ஹோமியோபதி மட்டும் போதுமா என்று. பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

போதாது என்று முடிவு செய்தோம். அம்மான் தந்தது கோல்சிகம் 30சி. நூறில் ஒரு பங்காக முப்பது முறை கரைத்தது. 12 முறை தாண்டினாலே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறு மிஞ்சுவதே அரிது. மதுரை டாக்டர் எழுதியது வலியையும் அழற்சியையும் குறைக்கும் இபுப்ரோஃபெனும், மூன்று மாதத்துக்குக் கோல்சிசினும். பெயர் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் இதில் மருந்து இருக்கிறது! நம் செங்காந்தள் விதையிலிருந்தும் எடுப்பார்களாம். (அதற்காகக் கிழங்கை அரைத்துக் குடித்துவிடாதீர்கள், கொடிய விஷம்.) 2013இல் 240 பேரிடம் செய்த ஆய்வு ஒன்றில், கோல்சிசின் சேர்த்தவர்களில் 16.7 சதவீதத்தினருக்கே நோய் நீடித்தது அல்லது திரும்பியது, சேர்க்காதவர்களில் 37.5.

காசநோயாலும் வரும் என்று அதற்கும் சோதித்தார்கள். இல்லை.

படுத்தால் வலி கூடும் என்று முகப்பில் முன்னால் குனிந்தே இரவைக் கழித்தவர், இப்போது காலை நீட்டிப் படுக்கிறார். நடுவில் வயிற்றுப்போக்கு வந்தது. டாக்டர் அளவைக் குறைத்தார், சரியாகிவிட்டது. அம்மான்தான் இன்னும் முறுக்கிக்கொண்டிருக்கிறார். அடுத்த எக்கோ (இதய ஸ்கேன்) மூன்று வாரத்தில்.