இன்சுலினுக்கு முன்னாடி ஹார்மோன் நிபுணரான எண்டோகிரைனாலஜிஸ்ட்டைப் பார்க்கணுமா, ஊர் சர்க்கரை டாக்டரே போதுமா?

தஞ்சைநெல்: உறவினர் ஒருவருக்காகக் கேட்கிறேன். ஆண், வயது 46, உயரம் 165 செ.மீ., எடை 54 கிலோ. சர்க்கரை வந்து 5 வருஷம். மெட்ஃபார்மின் நாளுக்கு 2 கிராம், கிளிமிபிரைடு 4 மி.கி., வில்டாகிளிப்டின் 100 மி.கி. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 9.4. ஊர் சர்க்கரை டாக்டர் இன்சுலின் ஆரம்பிக்கலாம் என்கிறார். வீட்டில் பாதிப் பேர், 90 கி.மீ. தள்ளி இருக்கும் எண்டோகிரைனாலஜிஸ்ட்டைக் காட்டிவிட்டுத்தான் ஊசி என்கிறார்கள்.

நாளமில்லான்: எடையைப் பாருங்கள். 165-க்கு 54 கிலோ. 41 வயதில் வந்து, மூன்று மருந்துக்கும் அடங்காத சர்க்கரை. இது டைப் 2 தானா என்று யாராவது பார்த்தார்களா? ஒல்லியானவர்களிடம் இரண்டு சந்தேகம் வரணும். ஒன்று, மெதுவாக வரும் டைப் 1, அதாவது உடம்பே தன் கணையச் செல்களைத் தாக்குவது. அந்தத் தாக்குதலின் அடையாளமான கேட் (GAD) ஆன்டிபாடி ரத்தப் பரிசோதனையில் பெரும்பாலும் தெரிந்துவிடும். இன்னொன்று கணையக் கல். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் நெடுநாளாகப் பார்க்கிற சங்கதி இது. வயிற்றுக்கு ஒரு சாதாரண எக்ஸ்ரே எடுத்தாலே கல் வெள்ளையாகத் தெரியும். எண்டோவிடம் ஒருமுறை போகத்தான் வேண்டும்.

ராயபுரம்காரன்: எக்ஸ்ரே எழுத டி.எம். பட்டம் வாங்கின எண்டோ எதுக்கு சார்? ஊர் டாக்டர் எழுதினா கல் தெரியாதா? நீங்க சொன்ன ரெண்டுல எதுவா இருந்தாலும் 9.4-க்கு இன்சுலின் தப்பே இல்ல. அப்பாயின்ட்மென்ட் கிடைக்கலன்னு ரெண்டு மாசம் தள்ளிப்போட்டாங்க பாருங்க, அதுதான் தப்பு.

நாளமில்லான்: ஊசியைத் தள்ளிப்போடச் சொல்லவில்லை. பயம் அதற்கு அப்புறம் நடப்பதில். சீட்டில் 'டைப் 2' என்று ஒட்டிவிட்டால் அது உரிவதில்லை. ஊசி போட்டதும் சர்க்கரை இறங்கும். ஆறு மாதத்தில் இன்னொருவர் "நல்லா இருக்கே, ஊசியை நிறுத்தி, சிறுநீர்ல சர்க்கரையை வெளியேத்துற டாபாகிளிஃப்ளோசின் மாத்திரை போடலாம்" என்பார். இன்சுலின் சுரப்பே வற்றிய உடம்பில் அந்த மாத்திரை, சர்க்கரை 200-ஐத் தாண்டாமலே ரத்தத்தில் கீட்டோன் அமிலத்தை ஏற்றிவிடும். வாந்தி, மூச்சிரைப்போடு வருவார்; குளுக்கோமீட்டர் 180 காட்டும்; "சர்க்கரை சரியாத்தானே இருக்கு" என்று கீட்டோன் பார்க்காமல் அனுப்பிவிடுவார்கள். வகை தெரிய வேண்டியது அதற்காகத்தான்.

ராயபுரம்காரன்: சரி, இதை ஒத்துக்கிறேன். ஆனா உடம்பு எவ்வளவு இன்சுலின் சுரக்குதுன்னு காட்டுற சி-பெப்டைடும் கேட் ஆன்டிபாடியும் இங்கயே எழுதலாம்.

நாளமில்லான்: எழுதுவது சுலபம், படிப்பதில்தான் சிக்கல். வாரக்கணக்கில் சர்க்கரை 300-ல் நிற்கும்போது சி-பெப்டைடு எடுத்தால் கணையம் களைத்துப்போய் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். சிறுநீரகம் பழுதாகியிருந்தால் கூடுதலாகக் காட்டும். அதே நேரத்தில் எடுத்த குளுக்கோஸ் அளவு பக்கத்தில் இல்லாவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

லேப்_மேசை: நடுவில் ஒன்று. ஹீமோகுளோபின் எவ்வளவு? இரும்புச்சத்துக் குறைவான ரத்தசோகையில் எச்பிஏ1சி பொய்யாகக் கூடும். ரத்தம் ஏற்றியிருந்தாலோ சிவப்பணு சீக்கிரம் உடைந்தாலோ பொய்யாக இறங்கும். 9.4 என்றால் சராசரி சர்க்கரை சுமார் 223. வீட்டு மீட்டர் கணக்கு அதோடு ஒத்துப்போகிறதா பாருங்கள்.

தஞ்சைநெல்: ஹீமோகுளோபின் 10.1. மீட்டரில் காலையில் 210–240, சாப்பிட்டபின் 300-க்கு மேல்.

லேப்_மேசை: அப்போது 9.4-ஐ நம்பலாம், சர்க்கரை நிஜமாகவே ஏறித்தான் இருக்கிறது. ஆனால் ஆணுக்கு 10.1 ஏன்? அது தனி விசாரணை. மெட்ஃபார்மின் நாள்பட்டதால் பி12-ம், கூடவே இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பாருங்கள்.

நாளமில்லான்: மலம் எண்ணெய்ப்பசையோடு மிதக்கிறதா, கழுவினாலும் ஒட்டிக்கொள்கிறதா என்றும் கேளுங்கள். கணையம் கெட்டால் கொழுப்பு செரிக்காது. எடை ஏறாததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். அப்படியென்றால் இன்சுலினோடு என்ஸைம் மாத்திரையும் வேண்டும்.

தஞ்சைநெல்: டாக்டர் போர்டில் 'டயபெட்டாலஜிஸ்ட்' என்று இருக்கிறது. அதை எப்படி எடுத்துக்கொள்வது?

நாளமில்லான்: அந்தச் சொல்லுக்குப் பின்னால் எதுவும் இருக்கலாம். எம்.டி. முடித்து மூன்று வருஷம் படித்தால் டி.எம். அல்லது டி.ஆர்.என்.பி. எண்டோகிரைனாலஜி. இரண்டு வருஷ டயபெட்டாலஜி டிப்ளமோ படித்தவர்களும் உண்டு, மாதம் ஒருநாள் வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியவர்களும் உண்டு. மூவரும் அதே சொல்லைப் போட்டுக்கொள்கிறார்கள். சீட்டில் இருக்கும் பதிவு எண்ணை மருத்துவ கவுன்சில் தளத்தில் தட்டிப் பாருங்கள்.

ராயபுரம்காரன்: சர்க்கரை மருத்துவ முன்னோடி எம். விஸ்வநாதன் 1948-ல சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில சர்க்கரைப் பிரிவு ஆரம்பிச்சப்ப டி.எம். எண்டோகிரைனாலஜின்னு ஒரு படிப்பே இங்க கிடையாது. பட்டம் பாருங்க, வேணாம்னு சொல்லல. ஆனா செருப்பைக் கழட்டச் சொல்லி 10 கிராம் அழுத்தம் தர்ற நைலான் இழையால பாதத்தைத் தொட்டு உணர்ச்சி இருக்கான்னு பார்க்கிறாரா? வருஷம் ஒருதடவை, சிறுநீரகம் கெடுதான்னு தெரிய, சிறுநீர்ல அல்புமின்-கிரியாட்டினின் விகிதம் 30-க்குள்ள இருக்கான்னு கேட்கிறாரா? கண்ணுக்கு பாப்பா விரிய மருந்து ஊத்திப் பார்த்த ரிப்போர்ட் கேட்கிறாரா? இது மூணும் இல்லாத எண்டோவைவிட மூணும் செய்யற டிப்ளமோகாரர் மேல்.

நாளமில்லான்: அதில் சண்டை இல்லை. தொடர் கவனிப்பு ஊரிலேயே நடக்கட்டும். வகையை உறுதி செய்ய ஒரு பயணம், இன்சுலின் ஆரம்பித்த பிறகு போனாலும் சரி.

ராயபுரம்காரன்: பயணத்துக்கு முன்னாடி எக்ஸ்ரே, கேட் ஆன்டிபாடி ரெண்டும் இங்கயே எடுத்துடலாம்னுதான் நானும் சொல்றேன். எதுவுமே வரலன்னா அந்த 90 கி.மீ. வீண்.

நாளமில்லான்: எதுவுமே வராவிட்டால்தான் அவசியம் போகணும் என்பேன் நான். காரணம் தெரியாத ஒல்லி சர்க்கரையை யார் தலையில் கட்டுவீர்கள்?

தஞ்சைநெல்: நாளைக்கே எக்ஸ்ரே. ஊசியும் ஆரம்பிக்கச் சொல்லிவிட்டேன்.

ராயபுரம்காரன்: குப்பியா பேனாவான்னு கேட்டுக்கோங்க. இங்க வழக்கமா வர்ற குப்பி மில்லிக்கு 40 யூனிட், அதுக்கு சிவப்பு மூடி சிரிஞ்ச். பேனா கேட்ரிட்ஜ் மில்லிக்கு 100 யூனிட். பேனா உடைஞ்சுபோச்சுன்னு கேட்ரிட்ஜ்ல சிவப்பு மூடி சிரிஞ்சைக் குத்தி '10' கோடு வரைக்கும் உறிஞ்சினா உள்ள போறது 25 யூனிட். ராத்திரியில அப்படிப் போட்டுட்டுப் படுத்தா விடியறதுக்குள்ள தாழ்சர்க்கரையில விழுந்துடுவார். ஊசி வாங்கிற அன்னிக்கே நர்ஸ் முன்னாடி அவரையே ஒருதடவை ஏத்திக் காட்டச் சொல்லுங்க.