சவர்டோ (இயற்கையாகப் புளிக்கவைத்த மாவு) ரொட்டி: இரண்டு மாலைகளாகப் பிரித்துச் செய்தால் அடிப்பகுதி பிசுபிசுக்கிறது

வார நாட்களில் மாலை 7 மணிக்குமேல்தான் அடுப்படியில் நேரம். அதனால் வேலையை இரண்டு நாளாகப் பிரித்தாயிற்று. மூன்று வாரத்தில் ஆறு ரொட்டி, ஆறிலும் ஒரே கோளாறு: மேலே பெரிய குகைகள், நடுவில் நெருக்கம், அடியில் ஈரப்பிசின்.

அளவு: ரொட்டி மாவு 500 கிராம், தண்ணீர் 350, ஸ்டார்ட்டர் (மாவைப் புளிக்கவைக்கும் தாய்மாவு) 100, உப்பு 10. அடுப்படி வெப்பம் 27 டிகிரி.

முதல் நாள் 7.30க்குப் பிசைந்து, அரைமணிக்கு ஒருமுறையாக மாவை இழுத்து மொத்தம் மூன்று மடிப்பு. 9.30க்கு மாவை உருட்டாமல் அப்படியே ஃப்ரிட்ஜில் (4 டிகிரி). மறுநாள் 7 மணிக்கு எடுத்து, உருட்டி, ஒரு மணி நேரம் வெளியே. பிறகு மூடிய வார்ப்பிரும்புப் பாத்திரத்தில் 230 டிகிரியில் 25 நிமிடம், மூடி இல்லாமல் 20.

ஸ்டார்ட்டர் நான்கு மணி நேரத்தில் இரட்டிப்பாகிறது, அதைச் சந்தேகிக்கவில்லை. வேக்காடும் குறையவில்லை, எடுக்கும்போது உள்வெப்பம் 97 டிகிரி, இரண்டு மணி நேரம் ஆறவிட்டே வெட்டுகிறேன். தண்ணீரை 325 ஆக்கியதில் பிசின் கொஞ்சம் குறைந்தது, குகை போகவில்லை. ஸ்டார்ட்டரை 150 ஆக்கியதில் புளிப்புதான் ஏறியது. உருட்டியபின் இரண்டு மணி நேரம் வைத்துப் பார்த்ததில் சற்றுத் தேவலை, ஆனால் சுட்டு ஆறவிட்டு வெட்ட நள்ளிரவு நெருங்கிவிடுகிறது (தினப்படிக்கு ஆகாது).

மாவு நொதித்துப் பொங்கியது போதவில்லை என்றே படுகிறது. ஃப்ரிட்ஜிலிருந்து வரும் மாவு உள்ளே சூடேறவே ஒரு மணி நேரம் பற்றாது.

முதல் நாளே உருட்டி ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் குளிரோடு நேரே சுடுவதானால், 27 டிகிரியில் மாவு எத்தனை பங்கு உப்பியதும் உருட்ட வேண்டும்?